ஒருமுறை போட்ட கணக்கு

இந்தத் தே தாரிக் தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் நுரைதான் அதிகம், தேயிலை குறைவு.

நிதானமாகவே சொல்கிறேன். அந்தக் கான்ஸ்டபிள் தட்டச்சு செய்ய வேண்டும் அல்லவா? எனக்கும் நாள் முழுவதும் விசைப்பலகையோடுதான் வேலை. பக்கத்தில் இருப்பவர் அவசரப்படுத்தினால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் மார்க்கிரட். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில், இன்னும் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அம்மா நேசம்மாவோடு இருக்கிறேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். கல்யாணம் ஆகவில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. இதை எழுத வேண்டாம். நீங்கள் பாவமாகப் பார்த்ததால் சொன்னேன்.

புஷ்பவல்லி எங்கள் பிரிவில் சேர்ந்தது தொண்ணூற்று இரண்டில். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வந்த முதல் நாளே என் மேசையில் இருந்த கெரோப்போக் வறுவல் பொட்டலத்தைக் கேட்காமல் எடுத்துக் கொறித்தாள். சிரித்தால் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவளே இன்னொரு தடவை சிரிப்பாள். என் தோளுக்குப் பின்னால் நின்று நான் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமைப் படித்துவிட்டு, "அக்கா, இந்த லூப் எதுக்கு ரெண்டு தடவ சுத்துது?" என்று கேட்டாள். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. லூப் இரண்டு தடவை சுற்ற வேண்டிய தேவையும் இல்லை. அன்றே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கோலாலம்பூரில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கம்ப்யூட்டர் கிளப் புரோகிராமிங் போட்டி நடத்துகிறது. இரண்டு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர், பகல் முழுக்கக் கணக்குகள். ஜெயிப்பவர்கள் சிங்கப்பூருக்குப் போவார்கள். நாங்கள் இருவரும் ஒரு குழுவானோம். பயிற்சி என் வீட்டில். நான் ஆசைப்பட்டு வாங்கிய 386 கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலிலிருந்து திரும்புவதற்குள் அவள் கிள்ளானிலிருந்து வந்து அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டுவிட்டு, வெளிநாட்டுப் போட்டிகளின் போட்டோஸ்டேட் தாள்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்காருவோம்.

முதன்முதலில் எங்களைத் திணற வைத்த கணக்கு மிகச் சாதாரணமானது. ஒரு ஊர், தெருக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கின்றன. சில தெருக்கள் மூடியிருக்கின்றன. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, திரும்பி வராமல், எத்தனை வழியாகப் போகலாம்? நான் எழுதியது சின்ன ஊருக்கு உடனே விடை சொன்னது. ஊரைக் கொஞ்சம் பெரிதாக்கியதும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம். அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

புஷ்பா கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "எங்கப்பா மாதிரி லா இது," என்றாள். "லோரி சாவி எங்கே, லோரி சாவி எங்கேன்னு காலையிலேர்ந்து ஒரே கேள்வி. பதில் சொன்னாலும் மறந்துட்டு மறுபடி கேப்பாரு. ஒரு தடவ கண்டுபிடிச்சத எங்கயாச்சும் வச்சிக்கச் சொல்லுங்கக்கா இதுகிட்ட."

அதுதான் டைனமிக் புரோகிராமிங், இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது. பெரிய கேள்வியைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைக்க வேண்டும். இருப்பதிலேயே சின்னதற்கு முதலில் விடை காண வேண்டும். அந்த விடையை ஒரு கட்டத்தில் போட்டு வைத்துவிட்டால், அதைவிடப் பெரியதற்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை போட்ட கணக்கை மறுபடி போடக் கூடாது. அவ்வளவுதான். புரோகிராமை மாற்றி எழுதி விசையைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. புஷ்பா கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்ன பிள்ளையள், பல்லி கில்லி விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எங்களுக்கு அதுதான். லோரியில் இவ்வளவு எடைதான் ஏற்றலாம் என்றால் எந்தச் சாமான்களை ஏற்றுவது. இரண்டு சொற்களில் பொதுவாக எத்தனை எழுத்துகள் வரிசை மாறாமல் வருகின்றன. எல்லாம் ஒரே வித்தையின் பிள்ளைகள். அந்த வருஷப் போட்டியில் இரண்டாவதாக வந்தோம். திரும்பி வரும் வழியில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நிறுத்தி ஒரே நிறத்தில் ஆளுக்கு ஒரு துணி எடுத்தோம், அடுத்த வருஷம் சிங்கப்பூர் மேடையில் போட்டுக்கொள்வதற்கு.

அடுத்த வருஷம் வாசு வந்தான்.

வாசுவை எனக்குப் பிடிக்கும். இதைக் கட்டாயம் எழுதுங்கள். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். புஷ்பாவுக்கு வீட்டார் பார்த்துப் பேசிய சம்பந்தம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனும் எங்களோடு சாப்பிட வருவான். வரும்போது சூடாக வாழைப்பழப் பலகாரம் வாங்கி வருவான். அம்மாவுக்குக் குழாய் பழுது பார்த்துக் கொடுத்தான். எங்கள் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்து, "இது என்ன அக்கா, சீனமா?" என்று கேட்பான். சாப்பிட்டு முடித்ததும் புஷ்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். நகை பார்க்கப் போக வேண்டும், மண்டபம் பார்க்கப் போக வேண்டும், சுங்கை பூலோவில் அவன் அக்காவைப் பார்க்கப் போக வேண்டும். எங்கள் மதியம் போய்விடும். கணக்கு பாதியில் நிற்கும்.

இறால் அவனுக்கு ஆகாது. முதல் நாளே சொல்லிவிட்டான். சின்ன வயதில் கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் தெரியாமல் தின்று தொண்டை அடைத்துக்கொண்டதாம். "இனிமே பட்டா பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு ஆன்டி," என்று சிரித்தபடியே சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். எப்போதும் மாத்திரை அதில் இருக்கும்.

முதல் தடவை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அம்மா எங்களுக்கு இறால் குழம்பும் அவனுக்குத் தனியாகத் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தார். குழம்பில் போட்ட கரண்டியை மறந்துபோய்ச் சொதியில் போட்டுவிட்டார். வாசுவுக்குக் கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தான். அம்மா அழுதுவிட்டார். அவன்தான் அம்மாவைத் தேற்றினான். பிறகு புஷ்பாவிடம், "நீ இரு லா. அக்காகூட உன் வேலையப் பாரு. நான் போய் தூங்கிட்டு, சாயங்காலமா வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மதியம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது. வாரக்கணக்காக உதைத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கைத் தீர்த்தோம். புஷ்பா மூக்கால் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு.

அதற்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இறாலையே சேர்க்கவில்லை. கரண்டியை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று சொதி வைப்பதையும் என்னிடம் விட்டுவிட்டார். அதனால் நான்தான் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது பாசார் சந்தையில் கொஞ்சம் இறால் வாங்கி, ஓட்டையும் தலையையும் வேகவைத்து, வடித்த தண்ணீரை ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மஞ்சளும் எலுமிச்சையும் போட்ட தேங்காய்ப்பாலில் ஒரு கட்டி கரைந்தால் வாசனை தெரியாது. எல்லோரும் அதே சொதியைத்தான் ஊற்றிக்கொண்டோம். தனியாக அவனுக்கு மட்டும் நான் எதையும் வைக்கவில்லை.

இது தப்பா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கேட்டேன். ஒரு கட்டி, ஒரு மதியம் அரிப்பு, ஒரு மாத்திரை, நல்ல தூக்கம். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய்விடுவான். தப்பில்லை என்று விடை வந்தது. அந்த விடையை வைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை.

எல்லா வாரமும் சொதி வைக்கவில்லை, கட்டியும் போடவில்லை. அப்படி எண்ணிவிடாதீர்கள். கணக்குகள் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு அவளை அழைத்துப் போவான். நானே வாசல்வரை போய்க் கையசைப்பேன். ஏதாவது ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும் வாரங்களில் மட்டும்தான். ஒரு கட்டிக்கு ஒரு மதியம். இரண்டு போட்டால் அந்த ஞாயிறும் அடுத்த சனியும் எங்களுக்குத்தான்; அவன் அடுத்த சனிக்கிழமைகூட வெளியே கிளம்பப் பயப்படுவான். அதைவிட ஒன்று கூடிய வாரம் மருத்துவமனையில் ஒரு இரவு வைத்திருந்தார்கள். பார்க்கப் போனபோது நான் பார்லி தண்ணீர் கொண்டுபோனேன். "எதுல பட்டுச்சுன்னே தெரியல அக்கா. எங்க கேன்டீன்லதான் இருக்கும்," என்றான். புஷ்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் கணக்கு எதுவும் ஓடவில்லை. மூன்று போட்டால் பலனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது புஷ்பா என் பின்னால் அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. இந்த வருஷம் நான் வரல."

"எதுக்கு வரல?"

"அவரப் பினாங்குக்கு மாத்திட்டாங்க. கல்யாணத்த முன்னுக்குக் கொண்டு வந்துட்டோம். முடிஞ்சதும் போறோம்."

"வாசு வேணாம்னாரா?"

"இல்லக்கா. அவரு போ போன்னுதான் சொல்றாரு. எனக்கே போதும்னு இருக்கு. ஞாயித்துக்கிழம காலாற நடக்கணும், கடல் பாக்கணும், சும்மா படுத்துத் தூங்கணும். எவ்வளவு நாளைக்கு அக்கா கணக்கே போடுறது?"

அது அவளுடைய பேச்சு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கூடவே இருக்கிறவனின் பேச்சு அப்படி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நான் கோபப்படவில்லை. "சரி லா," என்று சொல்லி அவளுக்கு ஒரு கெரோப்போக் பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வாசு அலுவலகத்துக்குப் போன் செய்தான். "அக்கா, நான் எவ்வளவோ சொல்லிட்டேன். போட்டிய முடிச்சிட்டு வா, நான் மொத போய் வீடு பாக்குறேன்னேன். கேக்க மாட்டேங்குறா. நீங்க பேசுங்க. நீங்க சொன்னா கேப்பா." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்லவன். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள், நான் அவளிடம் பேசுகிறேன் என்று சொன்னேன்.

அன்று நல்ல மழை. வாசு காரை நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டான். அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, அவனுடையதை வாங்கிப் பின்கட்டில் காயப் போட்டேன். பையில் மாத்திரை அட்டை இருந்தது. ஈரமாகிவிடுமே என்று எடுத்து வைத்தேன். என் அறை மேசை இழுப்பறையில். பூட்டினேன்.

பேசிக்கொண்டே அன்று ஒரு கணக்கும் போட்டோம். புஷ்பாதான், கடைசியாக ஒன்று என்று சொல்லி உட்கார்ந்தாள். ஒரு நீண்ட மரத்தைக் குறித்த இடங்களில் எல்லாம் அறுக்க வேண்டும். அறுக்கும்போது கையில் இருக்கும் துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு உழைப்பு. எங்கே முதலில் அறுப்பது? நடுவில்தான் என்று எல்லோருக்கும் தோன்றும், அது தவறு. சின்னத் துண்டுகளிலிருந்து தொடங்க வேண்டும். அவள் பாதி எழுதியிருந்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அம்மா இடியாப்பம் அவித்திருந்தார். நான் சொதி வைத்திருந்தேன். அன்று நான் அச்சை அப்படியே கவிழ்த்தேன்.

சின்ன விடைகள் எல்லாம் என் கையில் இருந்தன, இன்ஸ்பெக்டர். பெரியதற்கு என்ன வரும் என்று போட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அதுதானே அந்த வித்தையின் அழகு.

வாசு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "பெடியன் வடிவாச் சாப்பிடுறான்," என்று அம்மா சந்தோஷப்பட்டார். நான் எழுந்து போய் புஷ்பா விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்து ஓட விட்டேன். அப்போதுதான் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. புஷ்பா, "மாத்திர, மாத்திர எங்க?" என்று கத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள், சட்டையை உதறினாள். "அக்கா, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு மழையில் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரிசீவரை எடுத்தேன். எடுக்கும்போது திரையில் விடை வந்திருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, விடை சரிதானா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் 999 சுழற்றினேன். அவர்கள் மழையில்கூட விரைவாகவே வந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

எல்லோரும் காலையில் அவன் வெளியே சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றில் இறால் பட்டதுதான் காரணம் என்று நினைத்தார்கள். கிள்ளானில் வாசுவின் சாவு வீட்டில் புஷ்பாவின் பக்கத்திலேயே இருந்தேன். அவளுக்குச் சோறு ஊட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்தே தூங்கினாள். காரியம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் தாள்களைப் பரப்பினேன். அவள் உட்காரவில்லை. இளைத்துப்போயிருந்தாள், ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"அக்கா, விடை தெரிஞ்ச பிறகு அது எப்படி வந்துச்சுன்னு பின்னாலேர்ந்து ஒவ்வொரு கட்டமா நடந்து பாப்போமே. நேத்து அப்படித்தான் பாத்தேன்," என்றாள். "நாம ஒரு கணக்குல மாட்டிக்கிட்டு நின்ன வாரம் மட்டும்தான் அவருக்கு உடம்புக்கு வந்துச்சு. கணக்கு ஓடின வாரம் ஒண்ணுமே இல்ல. மாட்டிக்கிட்ட வாரம் மட்டும்தான் நம்ம வீட்டுல சொதி. சொதி நீங்க வக்கிறீங்க."

அவள் குரல் நடுங்கவே இல்லை. "நீங்கதானே அக்கா?"

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. யாருடைய உதவியும் இல்லாமல், கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டம்வரை, ஒரு இடத்திலும் வழி தவறாமல் வந்திருந்தாள். இந்த நாட்டில் வேறு யாரால் அது முடியும்? குழுவில் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. "ஆமா லா," என்று சொன்னேன். இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்களே, அலர்ஜி அப்படிக் கணக்குப்படி ஏறாது, முதல் கட்டியிலேயே உயிர் போயிருக்கலாம் என்று. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அத்தனை வாரம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

வேறென்ன? வாசுவைக் கொன்றது நான்தான். அதை நேராகவே எழுதிக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். கையெழுத்துப் போடுகிறேன். புஷ்பா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். இப்போது அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள் போனால் வருவாள், பாருங்கள். பாவம், என்னை விட்டால் இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்?